மணிச்சத்தின் குறைவைப் பயிர் உணரும் முறை

பயிர்கள் மண்ணிலிருந்து பெறும் பேரூட்டங்களுள் மணிச்சத்து எனப்படும் பாஸ்பரஸின் நிலை வியப்புக்குரியது. பெரும்பாலான நிலங்களில் அது மொத்தத்தில் கணிசமாகவே இருக்கிறது. ஆயினும் பயிருக்கு எட்டும் அளவோ மிகச் சிறிது. செம்மண்ணில் இரும்புடனும் அலுமினியத்துடனும், கரிசலில் சுண்ணாம்புடனும் அது பிணைந்து கிடக்கிறது. ஒரு லிட்டர் மண்நீரில் கரைந்து நிற்கும் பாஸ்பரஸ் பெரும்பாலும் ஒரு மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வேரின் உயிரணுக்களுக்குள்ளோ அதனினும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு செறிவாக அச்சத்து உள்ளது. இத்துணை ஏற்றத்தாழ்வை எதிர்த்துச் சத்தை உள்ளிழுக்கப் பயிர் தன் ஆற்றலைச் செலவிட வேண்டியிருக்கிறது. மேலும், பாஸ்பேட் மண்ணில் எளிதில் நகர்வதில்லை. ஆதலின் வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் எல்லைக்குள் இருப்பதை உறிஞ்சித் தீர்த்தபின், அடுத்த வாய்க்கு வேரையே நீட்டியாக வேண்டும்.

நாம் அடியுரமாக இடும் மணிச்சத்தில் முதற்பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக 10 முதல் 25 சதவீதம் வரையில்தான். எஞ்சியது மண்ணில் பிணைப்புண்டு நிற்கிறது. இந்தியா தனக்கு வேண்டிய பாஸ்பேட் கனிமத்திலும் பாஸ்பாரிக் அமிலத்திலும் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்தே பெறுகிறது என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணுதல் வேண்டும். ஆகவே, தனக்குச் சத்துக் குறைகிறது என்பதைப் பயிர் எவ்வாறு அறிகிறது, அறிந்தபின் தன் வளர்ச்சியை எவ்வாறு மாற்றிக்கொள்கிறது என்னும் வினாக்கள் ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடுபவை அல்ல. களப்பணியாளர் ஓர் இலையைப் பார்த்து உழவருக்குக் கூறும் ஆலோசனை இவற்றின் விடையைப் பொறுத்தே அமைகிறது.

இலை காட்டும் அடையாளம்

மணிச்சத்துக் குறைவின் அடையாளம் யாது என்று கேட்டால், இலை ஊதா நிறம் பெறும் என்று மாணவர் விடையிறுப்பர். மக்காச்சோளத்தில் இது பெரும்பாலும் உண்மை. எனினும் அந்நிறம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே குறைவு தொடங்கிவிடுகிறது. தொடக்கத்தில் இலை வெளுப்பதில்லை; மாறாகக் கரும்பச்சையாகவே தோன்றும். இலை விரிவது குன்றிப்போவதால், அதே பச்சையம் சிறிய பரப்பில் செறிந்து நிற்பதே இதற்குக் காரணம். நெற்பயிரில் இந்தக் கரும்பச்சை பலரை ஏமாற்றிவிடுகிறது. குட்டையாகவும், தூர் குறைந்தும், ஆயினும் கரும்பச்சையாகவும் நிற்கும் வயலைப் பார்த்து, பயிர் செழிப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் செல்வோரும் உளர்.

பாஸ்பரஸ் பயிருக்குள் எளிதில் இடம்பெயரும் சத்து. குறைவு நேர்ந்ததும் முதிய இலைகளிலிருந்து அதை மீட்டு இளந்தளிருக்கும் வேர்நுனிக்கும் பயிர் அனுப்புகிறது. உயிரணுவின் சவ்வுகளில் பாஸ்பரஸ் கலந்த கொழுப்புப் பொருள்கள் உள்ளன; அவற்றையும் சிதைத்துச் சத்தை எடுத்துக்கொண்டு, அவ்விடத்தைச் சர்க்கரையோ கந்தகமோ கலந்த கொழுப்புக்களால் நிரப்புகிறது. அரிசியும் பருப்பும் தீர்ந்த வீட்டில் பானையை விற்பது போன்றதன்று இது. பித்தளைப் பானையை விற்று மண்பானையில் சமைப்பது போன்றது. சமையல் நிற்பதில்லை. ஊதா நிறம் நம் கண்ணுக்குப் படும் வேளையில் இவ்வேற்பாடுகள் யாவும் நடந்து முடிந்திருக்கும்.

அளவிடும் கருவி

பயிருக்குள் இவ்வளவும் எவ்வாறு தொடங்குகின்றன என்பது கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில்தான் தெளிவாயிற்று. ஆராய்ச்சி முதலில் நடந்தது அராபிடாப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் சிறு செடியில். 2001-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் அச்செடியில் ஒரு புரதத்தைக் கண்டறிந்து, அதற்குப் பி.எச்.ஆர். 1 எனப் பெயரிட்டனர். மரபுக் கூறுகளாகிய ஜீன்களின் மீது அமர்ந்து அவற்றைச் செயற்படச் செய்வது அப்புரதத்தின் பணி. பாஸ்பேட்டை உள்ளிழுக்கும் புரதங்கள், மண்ணிலுள்ள கரிமப் பொருள்களிலிருந்து பாஸ்பேட்டைப் பிரிக்கும் நொதிகள், சவ்வுக் கொழுப்பை மாற்றும் நொதிகள் என, பசிக்காலத்துக்குரிய நூற்றுக்கணக்கான ஜீன்களை அதுவும் அதன் உறவுப் புரதங்களும் இயக்குகின்றன. நெல்லிலும் இதற்கு இணையான புரதம் உண்டு.

இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. சத்து நிறைந்த செடியிலும் பி.எச்.ஆர். புரதம் இருக்கவே செய்கிறது. அவ்வாறாயின், அக்காலத்தில் அது வாளாவிருப்பது ஏன்? எஸ்.பி.எக்ஸ். எனப்படும் வேறொரு புரதம் அதைப் பற்றிப் பிடித்துக்கொண்டிருப்பதே காரணம் என 2014-இல் அராபிடாப்சிஸிலும் நெல்லிலும் தெரியவந்தது. அந்தப் பிடி பாஸ்பேட் மிகுந்தபோது இறுகி, குறைந்தபோது தளர்கிறது. பிடியை இறுக்குவது பாஸ்பேட் தானா என்று பார்த்தால், அதன் வலிமை அதற்குப் போதவில்லை. 2016-இல் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் பணியாற்றிய குழுவினரும் அவர்தம் கூட்டாளிகளும், எஸ்.பி.எக்ஸ். புரதத்தோடு உறுதியாகப் பிணைவது இனோசிட்டால் பைரோபாஸ்பேட் என்னும் சிறு பொருளே எனக் காட்டினர். அவ்வகைப் பொருள்களுள்ளும் எட்டுப் பாஸ்பேட்டுக்களைத் தாங்கிய ஒன்றே தலையாயது என்பது 2019-இல் உறுதிப்பட்டது.

அது உருவாகும் வழியை ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்குதல் நன்று. தானியங்களிலும் பருப்பு வகைகளிலும் மணிச்சத்துச் சேமிப்பாக இருப்பது பைட்டிக் அமிலம். அஃது இனோசிட்டால் என்னும் வளையத்தின் ஆறு மூலைகளிலும் ஆறு பாஸ்பேட்டுக்கள் கோத்த பொருள். அரிசித் தவிட்டில் மிகுதியாக உள்ளதும், நம் உடல் இரும்பையும் துத்தநாகத்தையும் ஏற்கவொட்டாமல் தடுப்பதாகச் சத்துணவு நூல்கள் குறை கூறுவதும் இதையே. இந்த ஆறின்மேல் மேலும் இரண்டு பாஸ்பேட்டுக்களைப் பயிர் ஏற்றினால் எட்டுடைய பொருள் கிடைக்கிறது. ஏற்றுவதற்கு உயிரணுவில் ஆற்றலும் பாஸ்பேட்டும் போதிய அளவு இருக்க வேண்டும். அவை நிறைந்திருக்கும்போது எட்டுடைய பொருள் பெருகி, எஸ்.பி.எக்ஸ். புரதத்தில் செருகிக்கொள்கிறது, எஸ்.பி.எக்ஸ். பி.எச்.ஆர். புரதத்தைக் கட்டி நிறுத்துகிறது. பசிக்கால ஜீன்கள் உறங்குகின்றன. சத்துக் குறைந்ததும் எட்டுடைய பொருள் சிதைகிறது, பிடி நழுவுகிறது, பி.எச்.ஆர். விடுபட்டுச் சென்று ஜீன்களின்மேல் அமர்கிறது. சுருங்கக் கூறின், பயிர் அளப்பது மண்ணிலுள்ள பாஸ்பேட்டையன்று. தன் உயிரணுக்களின் கையிருப்பையே. மண்ணாய்வு தரும் எண்ணும் பயிரின் கணக்கும் ஒன்றாகாமல் போவதற்கு இஃது ஒரு காரணம்.

வேர்நுனியும் தண்டும்

எனினும் மண்ணைத் தொட்டறியும் உறுப்பு பயிருக்கு அறவே இல்லை என்று கொள்ளலாகாது. 2007-இல் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் அராபிடாப்சிஸின் வேர்நுனி மட்டும் பாஸ்பேட் குறைந்த ஊடகத்தைத் தொடுமாறு செய்து பார்த்தனர். நுனி தொட்ட மாத்திரத்தில் முதன்மை வேரின் வளர்ச்சி நின்றது. செடியின் மற்றப் பகுதிகளில் சத்து இருந்தும் அவ்வாறு நின்றது. இதில் இரும்புக்கும் பங்குண்டு என்பது பின்னர் விளங்கிற்று. முதன்மை வேர் நின்றபின் பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகுகின்றன. பாஸ்பேட் பெரும்பாலும் மேல்மண்ணில் தங்குவதால் இந்த அமைப்புப் பயனுடையதே. ஆனால் இந்நிகழ்ச்சியை எல்லாப் பயிருக்கும் பொதுவிதியாகப் பாடப்புத்தகங்களில் எழுதுவது பொருந்தாது. நெல்லின் முதன்மை வேர் மணிச்சத்துக் குறைவில் குறுகுவதில்லை; சற்று நீள்வதும் உண்டு. ஆய்வுக்கூடத்துச் சிறு செடியின் பழக்கத்தை வயற்பயிரின்மேல் ஏற்றிச் சொல்வதில் நிதானம் வேண்டும்.

தண்டும் இலையும் கணக்கு வைத்திருக்கின்றன என்பதற்கு வெள்ளை லூப்பின் என்னும் மத்தியதரைக் கடற்பகுதிப் பயிர் நல்ல சான்று. மணிச்சத்துக் குறைந்தால் அதன் வேர்களில் குச்சிப்புல் தூரிகையைப் போல நெருங்கிய சிறு வேர்க்கொத்துக்கள் உண்டாகி, சிட்ரிக் அமிலத்தைக் கசிந்து, பிணைப்புண்ட பாஸ்பேட்டை விடுவிக்கின்றன. வேரைப் பட்டினியாகவே வைத்து, இலைகளுக்கு மட்டும் பாஸ்பேட்டைக் கொடுத்தால் வேர்க்கொத்துக்கள் தோன்றுவது குறைந்துவிடுகிறது. செய்தி மேலிருந்து கீழே வருகிறது என்பது இதனால் பெறப்படும். அச்செய்திகளுள் ஒன்று 2008-இல் அடையாளம் காணப்பட்டது. பசித்த தண்டில் பி.எச்.ஆர். இயங்கியதும் மிகச் சிறிய ஆர்.என்.ஏ. ஒன்று உருவாகிச் சாறுக்குழாய் வழியே வேருக்கு இறங்குகிறது. பாஸ்பேட்டை உள்ளிழுக்கும் புரதங்களைச் சிதைப்பதற்கென்றே வேரில் ஓர் ஏற்பாடு உண்டு; இறங்கி வந்த ஆர்.என்.ஏ. அந்த ஏற்பாட்டை அடக்கிவிடுகிறது. வாயில்கள் திறந்தே நிற்கின்றன.

பசித்த வேரின் அழைப்பு

மணிச்சத்துக் குறைந்த வேர் மண்ணுக்குள் ஸ்ட்ரைகோலாக்டோன் எனப்படும் பொருள்களைக் கசிகிறது. இவற்றின் வரலாறு தனிச்சுவை உடையது. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் பருத்தி வேரின் கசிவிலிருந்து ஸ்ட்ரைகால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். சோளத்தையும் கரும்பையும் வேரில் பற்றி உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் விதைகளை முளைக்கச் செய்யும் பொருள் அது. எந்தச் செடியாவது தன் பகைவனை வலிந்து எழுப்புமா? அதன் உண்மைப் பயன் யாது என்பது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் விளங்காதிருந்தது. 2005-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விடை கண்டனர். வேர் உட்பூசணம் என்னும் நன்மை தரும் பூசணத்தின் இழைகளைக் கிளைக்கச் செய்து, அதை வேரினிடம் வரவழைப்பது இப்பொருளே. அப்பூசணம் வேர் எட்டாத தொலைவிலிருந்து பாஸ்பேட்டைக் கொணர்ந்து, கைம்மாறாகச் சர்க்கரையும் கொழுப்பும் பெறுகிறது. 2008-இல் மூன்றாவது பயன் வெளிப்பட்டது: இதே பொருள் செடிக்குள் ஹார்மோனாக நின்று பக்கக் கிளைகள் தோன்றுவதைத் தடுக்கிறது. மணிச்சத்துக் குறைந்த நெல் தூர் கட்டாமல் நிற்பதன் காரணங்களுள் இஃது ஒன்று.

இங்கே பயிரின் நிலை இரக்கத்துக்குரியது. சத்தில்லாத மானாவாரி நிலத்தில் சோளம் பூசணத்தை அழைக்கிறது. மண்ணில் பல ஆண்டுகளாகக் கிடந்த சுடுமல்லி விதையும் அவ்வழைப்பைக் கேட்டு முளைத்து வேரைப் பற்றிக்கொள்கிறது. வளங்குன்றிய நிலத்திலேயே சுடுமல்லி மிகுதி என்று சோளம் பயிரிடுவோர் நெடுங்காலமாகக் கூறிவருவதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. சோளத்தில் மணிச்சத்துக் குறைவோடு தழைச்சத்துக் குறைவும் இக்கசிவை மிகுவிக்கிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே மணிச்சத்து இடுவது ஒன்றே சுடுமல்லிக்கு மருந்து என்று உழவருக்கு வாக்களிப்பது தவறு. களை நீக்கமும், பயிர்ச் சுழற்சியும், இரு சத்துக்களின் ஈடும் சேர்ந்தே பலன் தரும்.

மற்றொரு செய்தியையும் குறிப்பிட வேண்டும். மணிச்சத்தை மிகுதியாக இட்ட நிலத்தில் பயிர் பூசணத்தை ஏற்பதில்லை. எஸ்.பி.எக்ஸ். பி.எச்.ஆர். புரதத்தைக் கட்டி நிறுத்தியதும் பூசணத்துக்குரிய ஜீன்களும் அடங்கிவிடுகின்றன என்பது 2021-இல் நெல்லில் காட்டப்பட்டது. வேர் உட்பூசணக் கலவையையும் முழு அளவு பாஸ்பேட்டையும் ஒரே வயலில் பரிந்துரைப்போர் இதைக் கருதுதல் நலம்.

இருவகை மண்ணும் துவரையும்

ஹைதராபாத்துக்கு அருகில் படான்சேருவில் உள்ள சர்வதேச வறட்சிப் பகுதிப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்து, 1990-இல் வெளியான ஓர் ஆய்வு நம் நாட்டு வேளாண்மைக்கு நெருங்கிய தொடர்புடையது. கரிசலில் பாஸ்பேட் சுண்ணாம்போடு கட்டுண்டிருக்கிறது. அதைச் சோளம் முதலிய பயிர்களும் ஓரளவு எடுத்துக்கொள்கின்றன. செம்மண்ணில் இரும்போடு கட்டுண்ட பாஸ்பேட்டை அவற்றால் எடுக்க இயலவில்லை. துவரை மட்டும் எடுத்து வளர்ந்தது. துவரையின் வேர்க்கசிவிலுள்ள பிசிடிக் அமிலம் இரும்பைக் கவ்விக்கொண்டு பாஸ்பேட்டை விடுவிப்பதாக ஆய்வாளர் விளக்கினர். பின்னர் மலோனிக் அமிலம் போன்றவற்றுக்கும் பங்குண்டு எனத் தெரிந்தது. சோளத்தோடு துவரையை ஊடுபயிராக விதைக்கும் தக்காண வழக்கம் இவ்வேதியியலை அறியாமல் ஏற்பட்டதுதான்; எனினும் அவ்வழக்கம் மண்ணில் பயன்படத்தக்க மணிச்சத்தின் மொத்த இருப்பைப் பெருக்க உதவுகிறது.

நெல்லிலும் இத்தகைய செல்வம் பழைய இரகங்களில் இருந்திருக்கிறது. காசலத் என்பது கிழக்கிந்தியப் பகுதியின் மானாவாரி ஆவுஸ் வகையைச் சேர்ந்த இரகம். மணிச்சத்துக் குறைந்த மண்ணில் தாங்கி வளரும் அதன் பண்புக்குரிய குரோமோசோம் பகுதி 1998-இல் வரையறுக்கப்பட்டது. அதற்குள் அடங்கிய ஜீன் 2012-இல் இனங்காணப்பட்டது. அந்த ஜீன் பாஸ்பேட்டை அளப்பதன்று. இளம்பயிரில் வேரை விரைந்து பெருகச் செய்வதே அதன் தொழில்; பெரிய வேர் மிகுந்த மண்ணைத் துழாவுகிறது. ஐ.ஆர். 64 போன்ற புகழ்பெற்ற இரகத்தில் அந்த ஜீன் இல்லை. உரம் நிறைய இட்ட பண்ணைகளிலேயே தேர்வு நடந்தால் இவ்வகைப் பண்பு கவனத்துக்கு வாராமலே நழுவிவிடும்.

துத்தநாகமும் மணிச்சத்தும்

பயிரின் கணக்கு எப்போதும் பிழையின்றி நடப்பதில்லை. துத்தநாகம் குறைந்தால் பாஸ்பேட் வாயில்களை வேண்டும்போது மூடும் திறன் குன்றி, இலைகளில் பாஸ்பேட் அளவுக்கு மேல் சேர்கிறது. 1966-இல் பந்த்நகரில் டாக்டர் ஒய். எல். நேனே, தராய்ப் பகுதி நெல்லைத் தாக்கிய கைரா நோய்க்குத் துத்தநாகக் குறைவே காரணம் எனக் கண்டார். நிலத்தில் மணிச்சத்தை மேலும் மேலும் ஏற்றுவது துத்தநாகக் குறைவைத் தீவிரப்படுத்தக்கூடும். பழுப்புப் புள்ளிகளுடன் குன்றி நிற்கும் நெல்லுக்குச் சூப்பர் பாஸ்பேட்டைப் பரிந்துரைக்குமுன் துத்தநாகத்தைப் பற்றி ஆராய்வது இன்றியமையாதது.

களப்பணியாளர்க்குச் சில குறிப்புக்கள்

விதையிலுள்ள பைட்டிக் அமிலம் நாற்றுக்கு ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று வாரங்கள் மணிச்சத்தை அளிக்கிறது. அது தீருமுன் வேர் மண்ணிலிருந்து எடுக்கத் தொடங்க வேண்டும். அக்காலத்தில் பசி நேர்ந்தால் பயிர் தூர்களைக் கைவிடுகிறது. பின்னர் இடும் உரம் அவற்றை முழுவதும் மீட்டுத்தருவதில்லை. மணிச்சத்தை அடியுரமாகவே, கூடியமட்டும் வேரின் அருகில் விழுமாறு இடவேண்டும் என்பதன் காரணம் இதுவே. தழைச்சத்தைப் போல இலையின் நிறம் பார்த்து மேலுரமாக இடும் முறை இதற்குப் பொருந்தாது.

மண்ணாய்வு எண்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க. நடுநிலை மண்ணிலும் களர்த்தன்மையுள்ள மண்ணிலும் ஆல்சன் முறையும், அமில மண்ணில் பிரே முறையும் கையாளப்படுகின்றன. ஆல்சன் முறையில் எக்டேருக்கு 10 கிலோவுக்குக் குறைந்த பாஸ்பரஸ் தாழ்ந்த நிலை என்றும், 25 கிலோவுக்கு மேற்பட்டது உயர்ந்த நிலை என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இவ்வெண்கள் தனிமப் பாஸ்பரஸைக் குறிப்பன. உரமூட்டையிலோ பாஸ்பரஸ் பென்டாக்ஸைடு என்னும் கணக்கே உள்ளது. முன்னதை 2.29 ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். இதை மறந்து பரிந்துரை எழுதினால் இருமடங்குக்கு மேல் வேறுபாடு நேரும்.

வகுப்பறைச் சோதனை

நன்கு கழுவிய ஆற்றுமணலை இரு தொட்டிகளில் நிரப்பி மக்காச்சோளம் விதைக்கலாம். ஒரு லிட்டர் நீரில் கால்சியம் நைட்ரேட் 1.2 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 0.5 கிராம், மக்னீசியம் சல்பேட் 0.5 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.14 கிராம், இரும்புக் கரைசல் சில துளிகள் கலந்து முதல் தொட்டிக்கு ஊற்றுக. இரண்டாவதற்கு மற்றவற்றை அவ்வாறே கலந்து, பாஸ்பேட் உப்புக்கு மாற்றாகப் பொட்டாசியம் குளோரைடு 0.08 கிராம் சேர்க்க. இரண்டு இலை விட்டதும் நாற்றிலிருந்து விதையின் எஞ்சிய பகுதியைக் கவனமாகக் கிள்ளி நீக்கினால் சேமிப்புத் தீர்ந்து, வேறுபாடு விரைவில் தெரியும். மாணவர் இலையின் நீளம், நிறம் ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வரவேண்டும். நான்காம் வாரத்தில் செடிகளைப் பிடுங்கிக் கழுவி, வேரையும் தண்டையும் தனித்தனியே உலர்த்தி எடை காண்க. பசித்த செடியின் மொத்த எடை குறைந்திருக்கும். ஆனால் தண்டுக்கு ஒப்ப வேரின் விகிதம் கூடியிருக்கும். நிறம் மாறிய நாளையும் இலை நீள்வது குறைந்த நாளையும் குறிப்பேட்டில் ஒப்பிட்டு, எது முந்தியது என மாணவரே கண்டு சொல்லட்டும்.

வசதியுள்ள பள்ளிகளில் மூன்றாவது செடி ஒன்றின் வேரை இரண்டாகப் பகுத்து, அடுத்தடுத்து வைத்த இரு தொட்டிகளில் ஊன்றி, ஒன்றுக்கு முதற்கரைசலும் மற்றதற்கு இரண்டாம் கரைசலும் ஊற்றலாம். 1975-இல் இங்கிலாந்தில் எம். சி. ட்ரூ என்பார் பார்லிப் பயிரின் வேரில் ஒரு பகுதிக்கு மட்டும் பாஸ்பேட்டைக் கொடுத்தபோது, அப்பகுதியிலேயே பக்கவேர்கள் அடர்ந்தன, நைட்ரேட்டுக்கும் அம்மோனியத்துக்கும் அவ்வாறே நிகழ்ந்தது, பொட்டாசியத்துக்கு நிகழவில்லை. மக்காச்சோளத்தில் எவ்வளவு வேறுபாடு காணப்படுகிறது என்பதை இரு தொட்டிகளின் வேர்களையும் வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்து, பக்கவேர்களை எண்ணி அறியலாம்.